ஈயக் கசட்டின் கசிவுச் சோதனை: எண் சரியாக வரவில்லை என்றால் எங்கே தேடுவது

வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் அடுப்பு, பழைய பற்றரி உருக்கும் கொட்டில், பித்தளையும் அலுமினியமும் வார்க்கும் பட்டறை. உலோகம் எங்கே உருகினாலும் கசடு மிஞ்சும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நிலம் மணல், கிணறும் ஆழமில்லை. வாடைக்காலத்து மழை கொட்டத் தொடங்கினால் முற்றத்தில் கிடக்கும் கசட்டைக் கழுவிக்கொண்டு நேரே கீழே இறங்கிவிடும். அந்தத் தண்ணீரில் எவ்வளவு ஈயம், கட்மியம், ஆசனிக் போகும் என்பதை முன்கூட்டி அறியத்தான் கசிவுச் சோதனை.

திருகோணமலையில் இந்தச் சோதனையைச் செய்கிற, அல்லது செய்வித்து முடிவை வாங்கிப் படிக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முறை எப்படி என்பது எங்கும் கிடைக்கும். முறைப்படி எல்லாம் செய்தும் எண் முரண்டு பிடித்தால் எங்கே பார்ப்பது என்பதுதான் கிடைக்காது. ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே திரும்பத் திரும்ப வரும். சோதனை முடிந்ததும் வடிசாற்றின் (கசட்டோடு புரட்டி வடித்த கரைசலின்) பீஎச்சை, அதாவது அமில, கார அளவை அளந்து, ஈயத்தின் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அது இல்லாத முடிவை நான் முடிவாக எடுப்பதில்லை.

பெரும்பாலும் கேட்கப்படுவது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகாமையின் 1311 ஆம் முறை. ரீசிஎல்பி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குப்பைமேட்டில் அழுகும் குப்பையோடு சேர்ந்து கிடந்தால் எவ்வளவு கரையும் என்று பார்க்கிற சோதனை இது. 9.5 மில்லிமீற்றர் கண்ணால் விழும்படி உடைத்த கசடு குறைந்தது 100 கிராம், அதன் எடையைப்போல 20 மடங்கு அசற்றிக் அமிலக் கரைசல், நிமிடத்துக்கு 30 சுற்று வீதம் தலைகீழாகப் புரளும் போத்தல், 23 பாகையில் 18 மணித்தியாலம். பிறகு வடித்து அளப்பது. லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் ஈயத்துக்கு எல்லை 5, கட்மியத்துக்கு 1, ஆசனிக்குக்கு 5, குரோமியத்துக்கு 5, இரசத்துக்கு 0.2. இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

போத்தல் வீங்குகிறது, அழுகிய முட்டை மணக்கிறது

மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை முதலில் பாருங்கள். பற்றரி ஈயத்தை உருக்கும்போது இரும்புத் துண்டும் சோடாவும் போடுவார்கள். பற்றரிக் கூழில் உள்ள கந்தகம் இரும்போடும் சோடியத்தோடும் சேர்ந்து சல்பைட்டாகக் கசட்டில் தங்கிவிடும். அதன்மேல் அமிலம் பட்டதும் ஐதரசன் சல்பைட்டு வாயு வரும். இந்த வாயு கொஞ்சம் கூடினாலே மூக்கு மரத்துவிடும். மணம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

போத்தலை மூடிச் சுழலியில் ஏற்றியதும் மறந்துவிடாதீர்கள். 15 நிமிடம், 30 நிமிடம், 1 மணித்தியாலம் ஆகும்போது நிறுத்தி, வாயு உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்து மூடியைத் தளர்த்துங்கள். 1311 ஆம் முறையே இதைச் சொல்கிறது. கூண்டு வேலை செய்யாத ஆய்வுகூடத்தில் சல்பைட்டுக் கசட்டைத் தொடவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால், முழு மாதிரியையும் எடுப்பதற்கு முன் கூண்டுக்குள் அரைக் கரண்டித் தூளில் ஒரு துளி ஐதான அமிலம் விட்டுப் பார்க்கலாம். ஈய அசற்றேற்றுத் தாளை மேலே பிடித்தால் கறுக்கும்.

அலுமினியக் கசடு வேறு மாதிரி. நனைந்தாலே சூடாகி அமோனியாவும் ஐதரசனும் விடும். இதற்கும் அதே மூடி தளர்த்தும் ஒழுங்குதான். பக்கத்தில் பன்சன் சுவாலை இருக்கக்கூடாது.

ஒரே பையிலிருந்து இரண்டு மாதிரி, இரண்டு எண்

ஈயம் ஒன்றில் லீற்றருக்கு 3 மில்லிகிராம், மற்றதில் 14. உபகரணத்தைக் குறை சொல்வதற்கு முன் மாதிரியை உள்ளங்கையில் கொட்டி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புக் கல்லுக்கு நடுவே சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் வெள்ளையாய் மினுங்குகிற மணிகள் தெரியும். அவை கசட்டோடு வெளியே வந்துவிட்ட ஈயத் துளிகள். 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு மணி ஏறத்தாழ 160 மில்லிகிராம் ஈயம். போத்தலில் இருப்பது 2 லீற்றர் கரைசல். அந்த ஒரு மணியில் பதினாறில் ஒரு பங்கு கரைந்தாலே லீற்றருக்கு 5 மில்லிகிராம் வந்துவிடும். ஒரு போத்தலுக்குள் மணி விழுந்து மற்றதற்குள் விழாவிட்டால் எண்கள் ஒத்துவருமா?

அந்த மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டால் முடிவுகள் ஒத்துவரும், ஆனால் அது வேறு கசட்டின் முடிவு. மணியும் கசட்டின் பகுதிதான். செய்யக்கூடியது, பையின் மேலே, நடுவே, அடியிலே எல்லாம் எடுத்துச் சேர்த்து, சுத்தமான தறப்பாளில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மீண்டும் குவிப்பது. மணி நிறைய இருந்தால் 100 கிராம் போதாது. மாதிரியையும் கரைசலையும் சேர்த்துக் கூட்டி, பெரிய போத்தலில் போடுங்கள். மூன்று மாதிரிகளாவது செய்து மூன்று எண்ணையும் அறிக்கையில் காட்டுங்கள். சராசரியை மட்டும் எழுதினால் படிப்பவருக்கு மணியின் கதை தெரியாமலே போய்விடும்.

இன்னொரு காரணம் தூள். உரப்பையில் கசடு லொறியில் வந்தால் குலுங்கிக் குலுங்கித் தூள் அடிக்குப் போய்விடும். தூள்தான் அதிகம் கரையும். மேலே கையை விட்டு நாலு கல்லை எடுத்துக்கொண்டு வந்தவரின் மாதிரி கட்டாயம் 'பாஸ்' ஆகும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: உடைக்கச் சொன்னார்கள் என்று மாவாக அரைத்துவிடுவது. 9.5 மில்லிமீற்றர் கண்ணால் விழுந்தால் போதும், அதற்குமேல் உடைக்க வேண்டாம்.

சோடாக் கசட்டுக்கு வயதும் முக்கியம். உலையிலிருந்து வந்த அன்று கல்லுப்போல இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, நாள் போகப்போக வெடித்து உதிரும். திருகோணமலைக் கடற்காற்றில் இது இன்னும் சுறுக்காக நடக்கும். மாதிரி எடுத்த திகதியோடு, கசடு உலையிலிருந்து வந்து எவ்வளவு காலம், வெளியே கிடந்ததா கூரைக்குக் கீழே கிடந்ததா என்பதையும் எழுதிவையுங்கள்.

எந்தக் கரைசல் என்பதில் குழப்பம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரைசல் இரண்டு: ஒன்றின் பீஎச் 4.93, மற்றதன் பீஎச் 2.88. இரண்டிலும் இருப்பது லீற்றருக்கு 5.7 மில்லிலீற்றர் செறிந்த அசற்றிக் அமிலம். முதலாவதில் கூடுதலாக 64.3 மில்லிலீற்றர் ஒரு நேர் (1 N செறிவுள்ள) சோடியம் ஐதரொட்சைட்டு. எதைப் பாவிப்பது என்று 5 கிராம் தூளை வைத்து ஒரு சிறு முன்சோதனை தீர்மானிக்கும். 96.5 மில்லிலீற்றர் நீரில் கலக்கிப் பீஎச் 5க்குக் கீழே வந்தால் முதலாவது. மேலே வந்தால் 3.5 மில்லிலீற்றர் ஒரு நேர் ஐதரோகுளோரிக் அமிலம் விட்டு, 50 பாகையில் 10 நிமிடம் வைத்து, ஆறிய பிறகு மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் 5க்கு மேல் நின்றால் இரண்டாவது.

இங்கே பிழை வருவது ஆறவைக்காமல் அளப்பதால், அல்லது பீஎச் மானியை அன்று காலையில் 4, 7 தாங்கற் கரைசல்களில் சரிபார்க்காததால். அனுமதித்த விலகல் 0.05 மட்டுமே. கடை வினாகிரியை ஐதாக்கிப் பாவிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது.

ஈயம் நிறைய இருக்கிற கசடு, வடிசாற்றில் ஒன்றுமே இல்லை

இதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிற அறிகுறி. இந்த எண்ணைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள்.

முதலில் மொத்த ஈயத்தைப் பாருங்கள். கசட்டில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே ஈயம் இருந்தால், அவ்வளவும் கரைந்தாலும் 20 மடங்கு கரைசலில் 5ஐத் தாண்டாது. அப்படியானால் சோதனையே தேவையில்லை. ஆனால் மொத்தம் சதவீதக் கணக்கில் இருந்து, வடிசாற்றில் 0.2 மட்டும் வந்தால் ஏதோ ஒன்று ஈயத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க வேண்டும். வழக்கமாக மூன்றில் ஒன்று.

முதலாவது சுண்ணாம்பு அல்லது சீமெந்து. வடிசாற்றின் இறுதிப் பீஎச் 8க்கும் 11க்கும் இடையில் இருக்கிறதா? ஈயம் மிகக் குறைவாகக் கரையும் இடம் அதுதான். இரண்டாவது கரைசலில் உள்ள அமிலம், கசடு ஒரு கிராமுக்கு 2 மில்லிச் சமவலு (meq). கசட்டில் 5.6 சதவீதம் சுயாதீனச் சுண்ணாம்பு இருந்தாலே அவ்வளவு அமிலத்தையும் தின்றுவிடும். முதலாவது கரைசலில் தீராமல் மிஞ்சியிருக்கும் அமிலம் இதன் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே அமிலச் சோதனை என்று பெயர் இருந்தாலும் போத்தலுக்குள் 18 மணித்தியாலமும் நடந்தது காரச் சோதனை. சுண்ணாம்பு கலப்பது உண்மையான பாதுகாப்பாகவும் இருக்கலாம், சீமெந்தில் கட்டிப் புதைப்பது உலகம் முழுவதும் செய்கிற வேலைதான். ஆனால் மழை கழுவக் கழுவ, காற்றின் காபனீரொட்சைட்டு சேரச் சேர, அந்தக் காரம் இறங்கும். இறங்கும்போது ஈயம் என்ன செய்யும் என்பதை இந்த ஒரு எண் சொல்லாது. வெவ்வேறு அளவு அமிலம் அல்லது காரம் சேர்த்து, பீஎச் 4, 6, 8, 10, 12 என்று தனித்தனிப் போத்தல்களில் செய்து ஒரு வளைகோடு வரையுங்கள். அந்த வளைகோட்டில் பள்ளம் எங்கே, சரிவு எவ்வளவு செங்குத்து என்று பார்த்தால் கசட்டின் குணம் தெரிந்துவிடும். அதே வளைகோட்டின் மறு நுனியையும் பாருங்கள்: பீஎச் 12ஐத் தாண்டினால் ஈயம் மீண்டும் கரையும். சுண்ணாம்பை அள்ளிப் போட்டுவிட்டு ஈயம் ஏன் கூடுகிறது என்று தலையைச் சொறிபவர்களுக்கு விடை அங்கே இருக்கிறது.

இரண்டாவது இரும்பு. காந்தத்தைத் தடவிப் பாருங்கள், ஒட்டுகிறதா? உலோக இரும்பு இருக்கும் போத்தலில் கரைந்த ஈயம் கரைந்த வேகத்திலேயே இரும்பின்மேல் படிந்துவிடும். சுழலி நின்றதும் காந்தத்தால் இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து, அயனகற்றிய நீரில் மெதுவாகக் கழுவி, வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். இரும்பின் மினுக்கம் போய், மங்கிய கரும்சாம்பல் படலம் ஒன்று மூடியிருக்கும். அந்தப் படலத்தை ஐதான நைத்திரிக் அமிலத்தில் கரைத்து அளந்தால், காணாமற்போன ஈயம் அங்கே இருக்கும். முற்றத்தில் கிடக்கும் கசட்டில் இந்தப் பாதுகாப்பு நிலைக்காது, இரும்பு துருப்பிடித்துத் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் வார்ப்பு மணலில் இரும்புத்தூளைக் கலந்து சோதனையைத் தாண்டுகிற வழக்கம் இருந்தது. 1998 விதிகளில் அதைச் சுத்திகரிப்பாக ஏற்கமுடியாது, தடைசெய்யப்பட்ட நீர்த்தலாகவே கொள்ளப்படும் என்று எழுதிவிட்டார்கள். நம் கசட்டில் இரும்பு களவாக வந்திருக்க வேண்டியதில்லை, உருக்கும்போதே போட்டதாக இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் அறிக்கையில் "உலோக இரும்பு உண்டு" என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

மூன்றாவது நல்ல செய்தி: கண்ணாடிபோல இறுகிய கசடு, ஈயம் உண்மையிலேயே உள்ளே பூட்டப்பட்டிருக்கிறது. இறுதிப் பீஎச் 5க்குப் பக்கத்தில் நின்று, காந்தத்திலும் ஒட்டாமல், எண்ணும் குறைவாக வந்தால் இதை நம்பலாம். அதிலும் தூள் பகுதியை மட்டும் தனியே ஒருமுறை செய்து பாருங்கள்.

அமிலத்தில் குறைவு, வெறும் தண்ணீரில் அதிகம்

கேட்டால் நம்பமுடியாததுபோல இருக்கும், ஆனால் நடக்கும். சோடாக் கசட்டை வெறும் நீரில் போட்டால் பீஎச் 12 பக்கம் ஏறிவிடும். அங்கே ஈயம் கரையும். ஆசனிக், அந்திமனி போன்றவை எதிர் ஏற்றத்தோடு சுகமாக வெளியே வரும். ரீசிஎல்பியின் அமிலம் அந்தக் காரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, ஈயத்தை அடக்கியே வைத்துவிடும்.

அதனால் ஒரு கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கசடு எங்கே கிடக்கப் போகிறது? மாநகரக் குப்பையோடு சேரப் போகிறதென்றால் ரீசிஎல்பி பொருத்தம். பட்டறைக்குப் பின்னால் மணலில், மழையில் கிடக்கப் போகிறதென்றால் தண்ணீர்ச் சோதனைதான் உண்மைக்குக் கிட்டியது. ஐரோப்பிய ஈஎன் 12457 இன் இரண்டாம் பகுதி இதற்கு வசதி: 4 மில்லிமீற்றருக்குக் கீழே உடைத்த கசடு, 10 மடங்கு நீர், 24 மணித்தியாலம், 0.45 மைக்ரோமீற்றர் வடி. இரண்டையும் செய்ய முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

அலகில் கவனம். ஐரோப்பிய எல்லைகள் கசடு ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வெளிவந்தது என்ற கணக்கில் இருக்கும். ஈயத்துக்கு மந்தக் கழிவு 0.5, சாதாரணக் கழிவு 10, அபாயக் கழிவு 50. வடிசாற்றின் எண்ணை 10ஆல் பெருக்கிய பிறகே இவற்றோடு ஒப்பிட வேண்டும். இரண்டு ஆய்வுகூடங்கள் சரியாகப் பத்து மடங்கு அல்லது இருபது மடங்கு முரண்பட்டால், சண்டைக்குப் போகமுன் அலகைப் பாருங்கள்.

எங்கள் இடத்துக்கே உரிய இன்னொரு நிலைமை, கடலோரத்தில் பள்ளம் நிரப்பக் கசட்டைக் கொட்டுவது. கடல்நீரின் குளோரைட்டு கட்மியத்தைப் பிணைத்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்ளும், ஈயத்தையும் ஓரளவு அப்படித்தான். இரண்டு நியமச் சோதனையும் இதைக் காட்டாது. வடிகட்டிய கடல்நீரையே திரவமாக வைத்து ஒரு துணைச் சோதனை செய்து, இது நியமமுறை அல்ல என்று குறிப்பிட்டு இணைக்கலாம். கொட்டியாரக்குடாவில் வலை போடுபவர்களுக்கு அந்த எண்தான் தேவை.

வெற்றுப் போத்தலிலும் உலோகம் வருகிறது

கசடே போடாத போத்தலில் நாகமும் பேரியமும் வந்தால் வடிதாளைச் சந்தேகியுங்கள். கண்ணாடி நார் வடிதாளிலிருந்து இவை இரண்டும் வரும். ஒரு நேர் நைத்திரிக் அமிலத்தில் கழுவி, பிறகு ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு லீற்றர் அயனகற்றிய நீரால் மூன்று தரம் அலசிய வடிதாளையே பாவியுங்கள். இதைச் சோம்பலில் விடுபவர்கள் நிறையப் பேர்.

ஈயம் வந்தால் தூசி. கசட்டை உடைக்கும் உரலும் கரைசல் தயாரிக்கும் மேசையும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. மின்விசிறிக்குக் கீழே உடைப்பது இன்னும் மோசம், அது உங்கள் நுரையீரலுக்கும் போகிறது. முகக்கவசம் போடுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள், அந்த உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

முன்பு கசடு போட்ட போத்தலை மீண்டும் பாவிப்பதென்றால் இரவிரவாக நைத்திரிக் அமிலத்தில் ஊறவேண்டும். வெற்று மாதிரி 20 சாற்றுக்கு ஒன்றாவது கட்டாயம். சின்ன ஆய்வுகூடமென்றால் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒன்று வையுங்கள்.

வடி அடைக்கிறது, சாறு நின்றால் பழுப்பாகிறது

வடிக்கும்போது தெளிவாக இருந்த சாறு, தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் கலங்கி, போத்தலின் அடியில் துருநிறப் படிவு இறங்கியிருக்கும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டு ஒட்சியேறிப் படிகிறது. படியும்போது ஆசனிக்கையும் ஈயத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். மேலே உள்ள தெளிவை மட்டும் அளந்தால் இரண்டும் குறைவாகத்தான் வரும்.

ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும். சுழலி நின்றதும் வடித்துவிடுங்கள். வடித்த உடனே பீஎச் அளந்து எழுதுங்கள். அடுத்த நிமிடமே நைத்திரிக் அமிலம் விட்டு 2க்குக் கீழே கொண்டுபோங்கள். முழுவதற்கும் விடுமுன் சிறு பங்கில் விட்டுப் பாருங்கள். அமிலம் பட்டதும் படிவு தோன்றினால் மீதியை அமிலமாக்காமல் உடனே அளக்க வேண்டும். சில கண்ணாடிக் கசடுகளில் சிலிக்கா கூழாக உறைவதும் உண்டு.

வடி அடைத்தால் அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். பிறகும் நின்றால் புதிய வடிதாள் மாற்றலாம். ரீசிஎல்பிக்கு 0.6 முதல் 0.8 மைக்ரோமீற்றர் வரையான கண்ணாடி நார் வடிதான். கையில் இருக்கிறதென்று 0.45க்கு மாறினால் முடிவும் மாறும்.

உபகரணம் சொல்வதை நம்பமுடியவில்லை

முதலாவது கரைசலில் லீற்றருக்கு ஒன்றரைக் கிராமுக்குச் சற்றுக் குறைந்த சோடியம் இருக்கிறது, அதோடு அசற்றேற்றும். வெறும் நைத்திரிக் அமிலத்தில் செய்த நியமக் கரைசல்களோடு (உலோக அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களோடு) இதை ஒப்பிட்டால் எண் சாயும். நியமங்களையும் அதே பிரித்தெடுப்புக் கரைசலிலேயே செய்யுங்கள்.

தெரிந்த அளவு ஈயத்தைச் சேர்த்து மீட்பு பார்ப்பது, அதாவது சேர்த்ததில் எவ்வளவை உபகரணம் காட்டுகிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம். எப்போது சேர்ப்பது என்பதில்தான் பிழை விடுகிறார்கள். வடித்த பிறகு, அமிலமாக்குவதற்கு முன் சேர்க்க வேண்டும். கசடோடு போத்தலில் சேர்த்தால் கசடே அதை உறிஞ்சிவிடும், உபகரணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மீட்பு 50 சதவீதத்துக்குக் கீழே வந்து, எண்ணும் எல்லைக்குக் கீழே 20 சதவீதத்துக்குள் நின்றால், நியமம் சேர்த்துச் சேர்த்து அளக்கும் முறைக்குப் போங்கள்.

கட்மியம் எதிர்பாராமல் வந்தால் ஆசனிக்கைப் பாருங்கள். உலோகங்களை அவை விடும் ஒளியை வைத்து அளக்கும் ஐசிபி ஒளிநிறமாலையில் கட்மியத்தின் 228.802 நனோமீற்றர்க் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஆசனிக்கின் 228.812 நிற்கிறது. ஆசனிக் நிறைந்த கசட்டில் இல்லாத கட்மியம் தெரியும். 214.4 கோட்டிலும் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இரவில் கரண்ட் போயிருக்கிறது

18 மணித்தியாலத்தில் 2 கூடலாம், 2 குறையலாம். சுழலி நடுவில் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால் அந்தத் தொகுதியை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். நின்ற நேரத்தைக் கடைசியில் கூட்டிச் சமன்செய்வது சரிவராது. சுழலியின் அதே செருகியில் கரண்டில் ஓடும் ஒரு மணிக்கூட்டையும் மாட்டிவிட்டால், காலையில் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு நேரம் நின்றது என்று அறியலாம்.

வெப்பநிலையும் அப்படித்தான். 21க்கும் 25க்கும் இடையில் இருக்கவேண்டும். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் குளிரூட்டியை மாலை ஆறு மணிக்கு நிறுத்திவிட்டுப் போனால் அறை இரவு முழுவதும் 30ஐ நெருங்கி நிற்கும். உச்ச, இழிவு வெப்பமானி ஒன்று சுழலிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சுற்று வேகத்தைக் கையாலேயே எண்ணலாம், அரை நிமிடத்துக்கு 15. போத்தல்கள் ஒருபக்கம் பாரமாக இருந்தால் வேகம் விழும், எதிரெதிராக மாட்டுங்கள்.

'பாஸ்' ஆகிவிட்டது, ஆனால் கிணற்றில் ஈயம்

இது முரண்பாடே இல்லை. ரீசிஎல்பியின் 5 என்ற எல்லை எப்படி வந்தது? அன்றைய அமெரிக்கக் குடிநீர் அளவு லீற்றருக்கு 0.05 மில்லிகிராம். குப்பைமேட்டிலிருந்து கிணற்றுக்குப் போவதற்குள் நூறு மடங்கு ஐதாகும் என்று வைத்து நூறால் பெருக்கினார்கள். இன்று இலங்கை நியமமான எஸ்எல்எஸ் 614 குடிநீருக்கு அனுமதிப்பது 0.01 மட்டுமே. லீற்றருக்கு 4 மில்லிகிராம் விட்டு 'பாஸ்' ஆன கசட்டின் சாறு குடிநீர் எல்லையைப்போல 400 மடங்கு. பட்டறைக்கும் கிணற்றுக்கும் இடையில் பத்துப் பதினைந்து மீற்றர் மணல்தான் இருக்கிறதென்றால் நூறு மடங்கு ஐதாகும் என்று யார் உறுதி தருவார்கள்?

தண்ணீர் மட்டுமல்ல, தூசியும் இருக்கிறது. பிள்ளைகள் மணலில் விளையாடி விரலை வாயில் வைப்பார்கள். வயிற்றின் அமிலம் ரீசிஎல்பியின் இரண்டு கரைசலையும்விடக் கடுமை. செனகலில் தக்கார் நகருக்குப் பக்கத்தில், பற்றரி உடைத்த இடமொன்றில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 சிறு பிள்ளைகள் இறந்தார்கள். கசிவுச் சோதனை இந்த வழியை அளப்பதில்லை. பக்கத்து மண்ணின் மொத்த ஈயத்தையும், கிணற்று நீரையும் தனியே அளக்க வேண்டும். அங்கே பிள்ளைகள் இருந்தால் இரத்த ஈயப் பரிசோதனைக்கு வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். இரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

கிணற்று நீரை எடுக்கும்போது ஒரு குறிப்பு. மாரி தொடங்கி முதல் பெருமழைக்குப் பிறகு ஒருமுறையும், கோடையில் நீர் வற்றியிருக்கும்போது ஒருமுறையும் எடுங்கள். மேலே கலங்காமல், வடித்தும் வடிக்காமலும் இரண்டு போத்தல். பழைய பித்தளைக் குழாயின் முதல் தண்ணீரை எடுத்துவிட்டுக் கசட்டைக் குற்றம் சொல்லவேண்டாம்.

முடிவு வரும்வரை கசடு எங்கே இருக்கவேண்டும் என்று பட்டறைக்காரர் கேட்பார். சீமெந்துத் தரை, மேலே கூரை, மூடியுள்ள பீப்பாய். உரப்பை கிழியும், ஆகாது. அபாயகரமான கழிவுகளுக்கு 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் தேவை. உற்பத்தி செய்பவருக்கும், ஏற்றிச் செல்பவருக்கும், சேமிப்பவருக்கும் அது பொருந்தும். அறிக்கையைக் கொடுக்கும்போது அதில் ஈயத்தின் எண், இறுதிப் பீஎச், எந்தக் கரைசல், உலோக இரும்பும் ஈய மணியும் இருந்தனவா, கசட்டின் வயது, மொத்த ஈயம் என இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பட்டறைக்காரருக்கு அதைப் பக்கத்தில் இருந்து வாசித்து விளங்கப்படுத்துங்கள். அவருடைய பிள்ளைகளும் அந்த முற்றத்தில்தான் விளையாடுகிறார்கள்.